சாமி அறைக் கதவின் ஓரம்

தங்கராசு, கமலா, மூர்த்தி, இதை உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். போன மாதம் ஈப்போ சிலிபினில் தங்கராசு கட்டிய வீட்டுக்குக் கதவு வந்து இறங்கியபோது, "அப்பா, இதுக்கு எந்தப் பூச்சு நல்லா இருக்கும்?" என்று கேட்டான். கடையில் பத்து வகை டின் இருக்கிறதாம். ஒவ்வொரு டின்னின் மேலும் பளபளவென்று ஒரு கதவுப் படமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முப்பது வருஷம் பூச்சு வேலையே செய்த மனுஷன் இதற்கு யோசிக்கிறாரே என்று கமலா சிரித்தாள். சிரித்தது சரிதான். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் ஒருவரிடம் கற்றுக்கொண்ட பதில் இருக்கிறது. அது நின்றபடியே சொல்லி முடிக்கிற பதில் இல்லை. எனக்குத் தோட்டத்துப் பள்ளியில் மூன்று வகுப்புதான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்து ஆள் குறைத்தபோது, உங்கள் அம்மாவைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு ஈப்போவுக்கு வந்து, தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் மரப் பட்டறையில் சேர்ந்தேன். முதலில் மரத்தூள் அள்ளினேன். பிறகு மெம்பெலாஸ் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் சொரசொரப்பான இலையால் பலகை தேய்த்தேன். இரண்டு வருஷம் தேய்த்ததில் கைரேகை அழிந்துபோனது. மூன்றாம் வருஷம் பூச்சு வேலைக்கு விட்டார்கள். பட்டறையில் மற்றவர்கள் எல்லோரும் பரம்பரைத் தச்சர்கள். என்னை மட்டும் "பால்மரம்" என்று கூப்பிடுவார்கள். "என்னா பால்மரம், இந்தக் கதவுல எத்தன கோடு போட்டு வெட்டப் போற?" என்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் குத்தும்.

அங்கே எங்களுக்கு மேஸ்திரி சவரிமுத்து. என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். மேஸ்திரி ஆன பிறகும் என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார், நான் அவரை "மேஸ்திரி" என்பேன். ஒல்லியான ஆள். குரலை உயர்த்த மாட்டார். ஒரு வேலை பிடிக்கவில்லை என்றால் திட்ட மாட்டார், அந்தப் பலகையின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். அவர் எழுந்திருக்கும்வரை செய்தவனுக்குச் சோறு இறங்காது. சட்டைப் பையில் இரண்டு பொருள் எப்போதும் இருக்கும். ஒன்று, கோடு அடிக்கும் முறுக்கு நூல். இன்னொன்று, சவரம் செய்கிற சின்ன முகக்கண்ணாடி. அந்தக் கண்ணாடி முகம் பார்ப்பதற்கு இல்லை. கதவை மாட்டிய பிறகு தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்துப் படுத்து, கதவுக்கு அடியில் கண்ணாடியைச் சாய்த்து நீட்டி, அடி ஓரத்தைப் பார்ப்பார். யாருமே பார்க்காத இடத்தை மேஸ்திரி பார்ப்பதைப் பார்த்து ஆட்கள் கேலி செய்வார்கள். "தண்ணி அங்கதான உள்ள போவுது. அது நம்மள மாதிரி வாசல்ல நின்னு கூப்பிடாது" என்பார்.

இருபதுகளின் நடுவில் ஒரு செட்டியார் ஈப்போவில் சொந்தமாக வீடு கட்டினார். அந்தக் காலத்தில் இங்கே தொழில் பார்த்த செட்டியார்கள் குடும்பத்தைக் கப்பலேற்றிக் கூட்டிவருவது அபூர்வம். இவர் கூட்டிவந்தார். அவர் மனைவி ஆச்சிக்கு இந்த ஊரில் எதுவும் பிடிக்கவில்லை. மழை பிடிக்கவில்லை, மீன் பிடிக்கவில்லை. புது வீடாவது பிடிக்கட்டும் என்று செட்டியார் நல்ல மரவேலை கேட்டு எங்கள் பட்டறைக்கு வந்தார். அறைகளுக்குப் பத்து ஒற்றைக் கதவு, சாமி அறைக்கு ஒரு ஜோடி இரட்டைக் கதவு. எல்லாம் மேலே மெல்லிய தேக்குத் தகடு ஒட்டிய கதவு. அந்தத் தகட்டைப் பட்டறையில் தோல் என்போம். அதை ஒட்டுவது வச்சிரப் பசை. வச்சிரம் காய்ந்தால் இரும்பு மாதிரி பிடிக்கும், ஈரம் பட்டால் கஞ்சி மாதிரி இளகும்.

ஆச்சி ஒரு நாள் செட்டியாரோடு பட்டறைக்கே வந்து கதவைத் தட்டிப் பார்த்தார்.

"மேல தேக்கு, உள்ள வேற எதுவோ. பொய் சொல்ற கதவாவுல இருக்கு."

"அகலத் தேக்குப் பலகைய ஒத்தையா போட்டா இந்த ஊரு ஈரத்துக்கு முறுக்கிக்கும், ஆச்சி" என்றார் மேஸ்திரி. "உள்ள சின்னச் சின்னக் கட்டையா சேத்து மேல தோல் ஒட்டுனாத்தான் நேரா நிக்கும்."

"எங்க ஊருக் கதவு நூறு வருசமா நிக்கிது. அதுக்கு யாரும் தோல் ஒட்டலயே."

"உங்க ஊருல வருசத்துக்கு எத்தன நாளு மழ, ஆச்சி?"

செட்டியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

தவுக்கே மலாயும் தமிழும் கலந்து பேசுவார். அவருக்கு இதில் சந்தேகமே கிடையாது. அவல் மாதிரி செதில் செதிலாக வரும் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் தேய்க்கிற பாலிஷ் போடு, கண்ணாடி மாதிரி மின்னும், பத்து நாளில் முடித்து அனுப்பு என்றார். மேஸ்திரி ஒரு மாதம் கேட்டார். சாமி அறைக் கதவுக்கு எது தாங்கும் என்று பார்க்க வேண்டும் என்றார். தவுக்கே எல்லோர் முன்னாலும் சொன்னார். "சரி லா. ஒரு மாசம் எடுத்துக்க. ஆனா அந்தக் கதவு பாலிக் வந்தா நீயும் பாலிக் லா. ஊருக்கு."

பாலிக் என்றால் திரும்பிப் போவது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேஸ்திரிக்கு ஊரில் போய் நிற்க ஒரு குழி நிலம் கூடக் கிடையாது, இங்கே பெண்டாட்டியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

அன்று நான் அவரிடம் கேட்டேன். "மேஸ்திரி, எந்தப் பூச்சு ரொம்ப பளபளப்பா இருக்கும்?"

"அண்ணே, பளபளப்பு கடைசில. இந்தக் கதவ யாரு தொடுவா, எதால தொடுவா? அத மொதல்ல சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது. அவர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், சாமி அறை வைத்த வீட்டில் வளர்ந்தவர் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர் கூச்சப்பட்டதே கிடையாது. நேரே ஆச்சி குடியிருந்த வாடகை வீட்டுக்குப் போய்க் கேட்டார். வெள்ளிக்கிழமை காலையில் கதவுக்குத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள், அரைத்த மஞ்சளைப் பூசுவார்கள், குங்குமம் வைப்பார்கள், விளக்கு ஏற்றிய எண்ணெய்க் கையோடு கதவைத் திறப்பார்கள், சாயங்காலம் சாம்பிராணி போடுவார்கள். ஆச்சி சொல்லச் சொல்ல மேஸ்திரி விரல்விட்டு எண்ணிக்கொண்டார்.

பிறகு அதே தோலில் மிஞ்சிய துண்டுகளை ஐந்து சின்னப் பலகையில் ஒட்டினார். ஒன்றில் அவலரக்கு பாலிஷ். ஒன்றில் தேன்மெழுகு. ஒன்றில் ஆளிவிதை எண்ணெய். ஒன்றில் டப்பாவில் வரும் வார்னிஷ். ஐந்தாவதில், சீனர்கள் படகுக்குப் பூசுகிற மர எண்ணெய். பலகையின் முதுகில் ஆணியால் கோடு கீறி அடையாளம் வைத்தார். முகம் மட்டுமில்லை, நாலு ஓரமும் அதே பூச்சு. ஐந்தையும் ஆச்சி வீட்டுப் பின்கட்டில் வரிசையாக மாட்டிவிட்டு, "ஆச்சி, சாமி ரூம்புக் கதவுக்கு என்ன செய்வீங்களோ அதெல்லாம் இதுக்கும் செய்யுங்க. பாவம்னு பாக்காதீங்க" என்றார்.

"பொய்க்கதவோட பிள்ளைங்களா?" என்றார் ஆச்சி. ஆனால் செய்தார். கொஞ்சம் அதிகமாகவே செய்தார் என்று நினைக்கிறேன்.

மூன்று வெள்ளிக்கிழமை போனது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மேஸ்திரியும் நானும் போய்ப் பார்ப்போம். பாலிஷ் பலகை முதல் நாள் நம் மூக்கைக் காட்டியது. முதல் வெள்ளிக்கே தண்ணீர் நின்ற இடமெல்லாம் திருநீறு பூசின மாதிரி வெளுத்துவிட்டது. மெழுகில் ஒவ்வொரு சொட்டும் ஒரு வட்டம். ஆளிவிதை எண்ணெய் மழைக்காற்றில் கறுத்துப் பூஞ்சை பிடித்தது. வார்னிஷ் தண்ணீருக்கு நின்றது, ஆனால் ஓரத்தில் மயிரிழை மாதிரி வெடித்து, அந்த வெடிப்பில் மஞ்சள் இறங்கிவிட்டது. சீன எண்ணெய் பூசினது ஆரம்பத்திலிருந்தே மின்னவில்லை. மூன்றாம் வாரமும் அதே மாதிரி அடக்கமாக இருந்தது. ஈரத்துணியால் துடைத்தால் மஞ்சள் வந்துவிட்டது. மேஸ்திரி விரலை நனைத்து ஓரத்தில் அழுத்திப் பிடித்து, நூறு எண்ணி எடுத்தார். தோல் தூக்கவில்லை.

"அறைக் கதவு பத்துக்கும் பாலிஷ். அத வெறும் கைதான் தொடும்" என்றார். "சாமி ரூம்புக்கு இந்த எண்ணெய். தண்ணி மாதிரி மெலிசா, ஒரு நாளைக்கு ஒரு பூச்சு, ஆறு பூச்சு. ஓரத்துக்கும் ஆறு. அண்ணே, அந்த ஜோடிய நீ பண்ணு."

தச்சர்கள் இருக்க, என்னிடம் கொடுத்தார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. அங்கேதான் தப்பு தொடங்கியது.

முகத்துக்கு ஆறு பூச்சும் ஒழுங்காகப் பூசினேன். ஆனால் ஓரத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை. தண்ணீரை நிறுத்துவதில் ரப்பரை மிஞ்ச எது உண்டு? பட்டறையில் ஒருவனுக்கும் தோன்றாதது பால்மரத்துக்குத் தோன்றியது என்று காட்டலாம் என்று ஆசை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய் உங்கள் தாய்மாமனிடம் ஒரு பியர் போத்தல் நிறைய மரப்பால் கேட்டேன்.

"என்னா மச்சான், ஈப்போ போயும் பால விடலியா?"

"கதவுக்கு வேணும்."

"கதவுக்கா? குடிக்குமா?" என்று சொல்லிவிட்டு நிரப்பிக் கொடுத்தான்.

மேஸ்திரிக்குத் தெரியாமல் செய்தேன் என்றாலும் சோதிக்காமல் செய்யவில்லை. ஒரு கட்டைக்குப் பால் பூசிக் காயவைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டுப் பிளந்து பார்த்தேன். உள்ளே காய்ந்தே இருந்தது. அதோடு எனக்கு உறுதியாகிவிட்டது. இரண்டு கதவின் அடி ஓரத்திலும், இரண்டும் சேருகிற நடு ஓரத்திலும் பால் இரண்டு தடவை பூசி, மேலே எண்ணெய் ஒரு தடவை தடவினேன். ஆறு பூச்சு மாதிரியே அடக்கமாகத் தெரிந்தது. கதவை மாட்டிய அன்று மேஸ்திரி வழக்கம்போலப் படுத்துக் கண்ணாடியை நீட்டிப் பார்த்தார். "நல்லாருக்கு அண்ணே" என்றார். எந்தக் கண்ணாடியை ஒருவரும் ஏமாற்றியதில்லையோ அதை நான் ஏமாற்றினேன். அப்போது அதை ஏமாற்று என்றுகூட நினைக்கவில்லை.

கதவு மாட்டியதும் ஆச்சி தன் கையால் மஞ்சள் பூசி, இரண்டு கதவையும் சாத்தி, பால் காய்ச்சுகிற வெள்ளிக்கிழமை நல்ல நேரம் வரை யாரும் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நடுவில் மூன்று நாள். நல்ல வெயில்.

வெள்ளிக்கிழமை காலையில் தவுக்கே, மேஸ்திரி, நான் மூவரும் அழைப்பின்பேரில் போயிருந்தோம். அடுப்பில் பால் பொங்கியது. ஆச்சி குத்துவிளக்கை ஏந்திக்கொண்டு சாமி அறைக்கு வந்தார். செட்டியார் கதவைத் தள்ளினார். வரவில்லை. மறுபடியும் தள்ளினார். இரண்டு கதவும் ஒரே பலகை மாதிரி சேர்ந்து அசைந்தன. உறவினர் ஒருவர் வந்து தோளைக் கொடுத்தார். கீழே 'சர்'ரென்று ஒரு சத்தம். தோல் கிழிகிற சத்தம் எனக்குத் தெரியும்.

"விடுங்க, விடுங்க" என்றார் மேஸ்திரி.

"சாமி உள்ள வரவேணாங்குது போல" என்று யாரோ ஒரு பெண் பின்னால் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. தவுக்கே மேஸ்திரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நடு இடுக்கில் நகத்தைக் கொடுத்து இழுத்தார். பழுப்பாக ஒரு இழை நூல் மாதிரி நீண்டு வந்தது. முகர்ந்து பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை. பொருத்தில் எங்கே தப்பு என்று மரத்தைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரப்பர் ஷீட்டை ஷீட்டோடு சேர்த்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அதை எத்தனை தரம் பிரித்துத் தொங்கவிட்டிருப்பேன். தண்ணீர் தொடுமே என்று பார்த்த நான், அடுத்த கதவும் தொடும் என்று பார்க்கவில்லை. மேஸ்திரி கேட்ட கேள்வி அதுதானே, எது தொடும் என்று.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மேஸ்திரி என்னைக் காட்டிக் கொடுத்திருப்பாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் வாய் திறக்கவில்லை என்பது மட்டும் தெரியும். தவுக்கே "மேஸ்திரி, இது என்னா?" என்று கேட்ட பிறகும் திறக்கவில்லை.

"மேஸ்திரி, அது பாலு" என்றேன். "ரப்பர் பாலு. நாந்தான் வச்சேன், அவருக்குத் தெரியாது. ஆச்சி, மன்னிக்கணும். இழுத்தா பிஞ்சிரும். அறுக்கணும். ரப்பர ஈரத்துலதான் அறுக்க முடியும். மேலருந்து தண்ணி விட்டுக்கிட்டே நூலப் போட்டு அறுத்தா வந்துரும்."

"தண்ணியா?" என்றார் செட்டியார். "தண்ணி படக்கூடாதுன்னுதானே இவ்வளவும்?"

மேஸ்திரி பையிலிருந்து முறுக்கு நூலை எடுத்தார். "ஊத்துங்க ஆச்சி. இந்த எண்ணெய் தாங்கும்" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். தன் பிழைப்பையே அந்த ஒரு சொல்லில் வைத்தார் என்பது அங்கே இருந்தவர்களில் எனக்கும் தவுக்கேக்கும் மட்டும் தெரியும்.

ஆச்சி விளக்கைச் செட்டியாரிடம் கொடுத்துவிட்டு, பூரண கும்பத்துக்கென்று வைத்திருந்த குடத்தையே தூக்கினார். மேஸ்திரி முக்காலி மேல் ஏறி நூலின் நடுவை இடுக்கின் உச்சியில் நுழைத்து, ஒரு முனையை எட்டி மறுபக்கம் போட்டார். சாமி அறையின் பக்கத்துச் சன்னல் வழியாக ஏறி நான் உள்ளே போய் அந்த முனையைப் பிடித்தேன். அவர் வெளியே, நான் உள்ளே. வாள் இழுப்பது மாதிரி மாறி மாறி இழுத்தோம். ஆச்சி ஊற்றிக்கொண்டே இருந்தார். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மேஸ்திரியின் குரல் மட்டும் வந்தது. "மெதுவா அண்ணே. நூலு சொல்றத கேளு. இப்ப இழு. விடு. இழு." பட்டறையில் பேசுகிற அதே குரல். நல்ல நேரம் முடியக் கால் மணி இருந்தபோது நூல் தரையைத் தொட்டது. கதவு இரண்டும் தானாக ஒரு விரல் விலகின.

உள்ளே முதலில் நின்றவன் நான் என்பதால் வெட்கப்பட்டு மறுபடியும் சன்னல் வழியே குதித்தேன். ஆச்சி விளக்கோடு உள்ளே போனார். வெளியே வந்தபோது கதவைக் கையால் தடவினார். இரண்டு குடம் தண்ணீர் குடித்த கதவு, எங்கும் வெளுக்கவில்லை. கீழே வெற்றிலை நுனியளவு தோல் பிய்ந்திருந்தது, அது இழுத்ததால் வந்தது.

"தண்ணிக்கு நின்னுருச்சு" என்றார் ஆச்சி. பிறகு என்னைப் பார்த்து, "கதவு பொய் சொல்லல. கூட வந்தவன்தான் சொல்லிருக்கான்" என்றார்.

தவுக்கே மேஸ்திரியை ஓரமாகக் கூப்பிட்டார். நானும் போய் நின்றேன். என்னை அன்றே அனுப்பிவிடச் சொன்னார். மேஸ்திரி சொன்னார்: "எண்ணெய் சரி. கதவு சரி. ஓரத்துல தப்பு பண்ணவரு அவரு, சொன்னவரும் அவரு. நான் கண்ணாடில பாத்தேன், தொட்டுப் பாக்கல, அது என் தப்பு. அந்த ஓரத்த அவரே சொரண்டி அவரே பூசட்டும். அதுக்கப்புறம் அனுப்பறதுன்னா அனுப்புங்க." தவுக்கே "சரி லா" என்றார்.

அடுத்த நாளிலிருந்து தினமும் ஆச்சி வீட்டுக்குப் போனேன். முதல் நாள் முழுக்கச் சுரண்டினேன். மேஸ்திரி வந்து பிய்ந்த இடத்தில் படகு வடிவத்தில் ஒரு துண்டுத் தோலை, மரத்தின் ரேகையோடு ரேகை சேர ஒட்டிவிட்டுப் போனார். ஆச்சி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு தேடியும் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு ஆறு நாள், ஆறு பூச்சு. ஒவ்வொரு நாளும் ஆச்சி கேட்பார், "இன்னிக்கு போத்தல்ல என்ன பாலு? பசும்பாலா, எருமப்பாலா?" மூன்றாம் நாளிலிருந்து கேட்டுவிட்டு மோரும் கொடுத்தார்.

ஆறாம் பூச்சுக்கு மறுநாள் மேஸ்திரி பார்க்க வருவார் என்று காத்திருந்தேன். மத்தியானம் பட்டறையிலிருந்து வேறு வேலையாக வந்தவனிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். பிரித்தேன். அந்த முகக்கண்ணாடி. "அண்ணனையே பாத்துக்கச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

தங்கராசு, எந்த டின் வாங்குவது என்று நீ கேட்டாய். உன் கதவை யார் தொடுவார்கள், எது தொடும் என்று எழுதி அனுப்பு. பிறகு நான் சொல்கிறேன்.

கண்ணாடி வந்த அன்று ஆச்சி பின்கட்டில் இருந்தார். சாமி அறைப் பக்கம் யாரும் இல்லை. நான் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, கதவுக்கு அடியில் கண்ணாடியைச் சாய்த்து நீட்டிப் பார்த்தேன். ஓரம் முழுவதும் ஒரே நிறமாக, அடக்கமாக இருந்தது. கண்ணாடியை எடுத்துவிட்டு, விரலை நனைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சாணுக்குச் சாண் அழுத்தி, ஒவ்வொரு இடத்திலும் நூறு எண்ணினேன். எங்கும் ஒட்டவில்லை, எங்கும் இளகவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, துணியில் எண்ணெயைத் தொட்டு, ஒருவரும் கேட்காத ஏழாவது பூச்சைப் பூசிவிட்டு, கதவைத் திறந்தே வைத்துவிட்டு வந்தேன்.